செம்மண் கிணற்றுத் தண்ணீரில் ஓர் ஆமைத் தொட்டி: ஆமை வருவதற்கு முந்தைய ஆறு வாரங்கள்

எடுத்துக்கொண்ட நிலை

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கு வடக்கே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. சொந்தக் கிணறு உண்டு. குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். நாகர்கோவிலில் ஒரு குடும்பம் வளர்த்துவந்த சிவப்புக்காது ஆமையை இந்த வீட்டார் ஏற்றுக்கொள்ள முடிவு செய்கிறார்கள். பெண் ஆமை, ஓட்டின் நீளம் 13 செ.மீ. பழைய வீட்டில் இன்னும் இரண்டு மாதம் அதை வைத்திருக்க முடியும் என்பதால் அவசரம் இல்லை. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிய ஜூன் முதல் வாரத்தில் தொட்டி அமைக்கப்படுகிறது. மூன்றாவது வாரத்தில் தண்ணீர் கெடுகிறது. ஆமை இன்னும் வந்து சேராததால் யாருக்கும் நஷ்டமில்லாமல் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிந்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் மேடுகளில் எந்த வீட்டிலும் இதே சிக்கல் வரலாம் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

இனத்தைப் பற்றி முதலில் ஒன்று சொல்லியாக வேண்டும். குளத்திலும் வயலிலும் கிடைக்கும் பாலாமையையோ, நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மழைக்காலத்தில் ரோட்டைக் கடக்கும் ஆமையைக் கண்டால் அது போகும் திசையிலேயே ஓரமாக விட்டுவிடுங்கள். கடைகளில் குட்டியாக விற்கப்படும் சிவப்புக்காது ஆமையின் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்படுகை. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் அதுவும் இருக்கிறது. வளர்ந்ததும் குளத்தில் விட்டுவிடலாம் என்று நினைத்து யாரும் இதை வாங்கக் கூடாது. 2022-இல் ராம்சர் ஈரநிலங்களாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளாக, அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் குளமும் வேம்பனூர் குளமும் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இந்த ஆமை இருபது, முப்பது வருஷம் வாழும். பெண் ஆமையின் ஓடு 25 செ.மீ.யைத் தாண்டும். புதுக் குட்டி வாங்குவதைவிட, யாரோ வைத்துக்கொள்ள முடியாமல் தவிக்கும் ஆமையை ஏற்பதே மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்த வீட்டார் செய்ததும் அதுதான்.

தொட்டியும் பீடமும்

ஓட்டின் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் கணக்கு. 13 செ.மீ. ஆமைக்கு 200 லிட்டர் போதும். இவர்கள் அமைத்தது 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 10 மி.மீ. கண்ணாடி. 40 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறைத்தால் ஏறத்தாழ 280 லிட்டர் பிடிக்கும். ஓடு 18 செ.மீ. ஆகும்வரை இது தாங்கும். அதற்குப் பிறகு முற்றத்தில் 500 லிட்டருக்குக் குறையாத தொட்டி ஒன்று கட்ட வேண்டும் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொண்டார்கள்.

எடையைப் பலர் யோசிப்பதில்லை. தண்ணீர் 280 கிலோ, கண்ணாடி மட்டும் 70 கிலோவுக்கு மேல். மர அலமாரி, டிவி ஸ்டாண்டு இவற்றின்மேல் வைக்கிற விஷயமே இல்லை. சதுர இரும்புக் குழாயில் வெல்டிங் செய்த ஸ்டாண்டு கடலை விட்டு உள்ளே தள்ளிய ஊர்களில் பரவாயில்லை. குளச்சல், ராஜாக்கமங்கலம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் வெல்டிங் இணைப்புகள் துரு ஏறிவிடும், பெயின்ட் அடித்தாலும் உள்ளிருந்து அரிக்கும். இவர்கள் ஹாலோ பிளாக் கற்களை இரண்டு வரிசை அடுக்கி, மேலே கடப்பைக்கல் பலகை போட்டு, ரசமட்டம் பார்த்து, 20 மி.மீ. தெர்மாகோல் விரித்துத் தொட்டியை வைத்தார்கள். தெர்மாகோலை விட்டுவிட்டால் கல்லில் இருக்கும் சிறு மேடு ஒன்றே அடிக்கண்ணாடியை விரியவைக்கப் போதும். தண்ணீர் நிறைத்து இரண்டு நாள் கசிவு பார்த்த பிறகே மற்ற வேலைகள்.

அடியில் மணலோ சரளையோ போடவில்லை. சின்னக் கற்களை ஆமை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். கழிவும் அவற்றின் இடுக்கில் தங்கும். அழகுக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஆமையின் தலையைவிடப் பெரிய ஆற்றுக் கூழாங்கற்கள் நாலைந்து போதும்.

வெயில் காயும் மேடை

ஆமை முழுதாக ஏறி, உடம்பு சொட்டச் சொட்ட உலர இடம் வேண்டும். ஓடு உலராமல் எப்போதும் நனைந்தே இருந்தால் அழுகல் வரும். வெட்டுக்கல் வேண்டாம், கரைந்து தண்ணீரைச் சிவப்பாக்கும். ரப்பர் மரத்துண்டும் தென்னந்தடியும் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகும். இவர்கள் முக்கால் அங்குல பிவிசி பைப்பில் சட்டம் செய்து, மேலே கெட்டியான பிளாஸ்டிக் வலையை டை போட்டுக் கட்டி, ஏறுவதற்குச் சாய்தளம் ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். சாய்தளம் 30 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் ஆமை பாதியில் வழுக்கி விழும். இரண்டு மூன்று முறை விழுந்தால் அந்தப் பக்கமே போகாது. மேடையிலிருந்து தொட்டி விளிம்பு வரை ஓட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உயரம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் காலையில் ஆமை கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

மேடைக்கு மேலே இரண்டு விளக்குகள். வெப்பத்துக்கு 50 வாட் ஹாலஜன். மேடையில் ஓட்டின் உயரத்தில் வெப்பமானி வைத்து, 32 முதல் 34 டிகிரி வரும்வரை விளக்கை ஏற்றி இறக்க வேண்டும். யூவிபி (வெயிலில் உள்ள புறஊதா) கதிருக்கு 5 அல்லது 6 சதவீத டி5 குழல்விளக்கு, 30 செ.மீ. உயரத்தில். இடையில் கண்ணாடியோ அக்ரிலிக்கோ இருந்தால் யூவிபி கீழே வராது. ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயிலுக்கும் இதே கதி. குழல் ஒளிர்ந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருஷத்தில் யூவிபி குறைந்துவிடும் என்பதால் மாற்றும் தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்டுங்கள். இரண்டும் டைமரில் 12 மணி நேரம். ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும், கிளிப்பை மட்டும் நம்பாமல் கம்பியாலும் கட்டுங்கள். பம்ப்பும் விளக்கும் வரும் இணைப்பில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் தொட்டியில் கைவிடக் கூடாது.

நம் ஊரில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. ஆடி மழையில் விடிகாலை அளவே இந்த வீட்டில் 25 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. வளர்ந்த ஆமைக்கு 24 முதல் 27 போதும். குட்டிக்கும் நோயுற்ற ஆமைக்கும் மட்டும் ஹீட்டர். மாறாக, தகரக் கூரைக்கு அடியில் சித்திரை வெயிலில் தண்ணீர் 30-ஐத் தாண்டுவதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஃபில்டர்

மீனுக்குச் சொல்லப்படும் ஃபில்டர் அளவு ஆமைக்குப் போதாது. தொட்டிக் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்குத் தொட்டிக்கு உரியதாக வாங்க வேண்டும். இங்கே மணிக்கு 1,400 லிட்டர் தள்ளும் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) ஒன்றும், ஏர் பம்ப்பில் ஓடும் பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றும். கேனிஸ்டரின் கீழ்த்தட்டில் கரடான ஸ்பாஞ்ச், நடுவில் பீங்கான் வளையம், வளையம் போதாத இடத்தில் பழைய நாட்டு ஓட்டைப் பெருவிரல் அளவுக்கு உடைத்துக் கழுவிய துண்டுகள். சுட்ட மண்ணின் துளைகளில் பாக்டீரியா நன்றாகத் தங்கும். பாசிக்கு அடித்த மருந்தோ பெயின்ட்டோ பட்ட ஓடு ஆகாது.

ஸ்பாஞ்ச் ஃபில்டரை வைத்ததற்குக் காரணம் கரண்ட். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருந்தால் ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாவையாவது காப்பாற்றலாம். மூடிய கேனிஸ்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் அதிலுள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். உள்ளே காற்றில்லாமல் அழுகிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வரும்.

அமோனியா குறையாமல் நின்ற இடம்

ஆமையின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தப் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆமையை விட்டபிறகு அது தானாக வரட்டும் என்று இருந்தால் அந்த வாரங்கள் முழுக்க ஆமை தன் மூத்திரத்திலேயே நீந்தும். 'ஆமை மேலே வந்துதானே மூச்சு விடுது, மீன் மாதிரி செவுளா இருக்கு' என்று சொல்பவர்கள் உண்டு. மீன் அளவுக்கு உடனே சாகாது என்பது சரி. கண்ணும் தோலும் எரிச்சலாகும், கண் வீங்கி மூடிக்கொள்ளும், தீனியைப் பார்க்க முடியாமல் பட்டினி கிடக்கும்.

எனவே வெறும் தொட்டியிலேயே அமோனியா சேர்த்துப் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். இவர்கள் பயன்படுத்தியது ஆய்வுக்கூடத் தர அம்மோனியம் குளோரைடு. 280 லிட்டருக்கு 1.8 கிராம் கரைத்தால் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) அமோனியா வரும். நகைக்கடைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். கண்ணளவில் போடுவது ஆகாது. தெரிந்தவர் வீட்டு மீன்தொட்டியில் நாள்பட்டு ஓடிய ஸ்பாஞ்சைப் பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரை ஃபில்டருக்குள் ஊற்றினார்கள். கடையில் விற்கும் பாட்டில் பாக்டீரியாவைவிட இதில் எங்களுக்கு நம்பிக்கை அதிகம்.

தொடக்க அளவுகள்: கிணற்றிலிருந்து எடுத்தவுடன் பிஎச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.8, ஒரு வாளியில் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தபின் 6.6. நிலத்தடித் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறியதால் வந்த வித்தியாசம் இது; காற்றோட்டமான அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கேஹெச் (தண்ணீரின் காரத்தன்மை) யாரும் பார்க்கவில்லை.

பத்தாவது நாள் அமோனியா 0.5-க்கு இறங்கியது, நைட்ரைட் ஏறியது. சரியான போக்கு. மறுபடி 1.8 கிராம் போட்டார்கள். அதற்குப் பிறகு அமோனியா 1.5-இல் வந்து நின்றது. ஒரு வாரம் போயும் அசையவில்லை. பிஎச் சோதனைக் குழாயின் நிறம் அட்டையில் இருக்கும் கடைசிக் கட்டமான 6.0-இன் மஞ்சளையும் தாண்டி வெளிறியது. தொட்டியோ பளிச்சென்று இருந்தது. வீட்டுப் பையன் கடைக்காரருக்குப் போன் போட்டு, 'தண்ணி நல்லா தெளிஞ்சு கெடக்கு அண்ணாச்சி, இனி ஆமையக் கொண்டு வந்துரட்டா?' என்று கேட்ட நாள் அதுதான். கடையில் கிடைத்த யோசனை இன்னொரு பாட்டில் பாக்டீரியா. அதை ஊற்றியும் ஒன்றும் மாறவில்லை.

கேஹெச் சோதனையில் விஷயம் வெளிப்பட்டது. 5 மி.லி. தண்ணீரில் முதல் சொட்டு விழுந்ததும் நீலம் வந்து, சொட்டுச் சொட்டாகச் சேர்க்க ஓர் இடத்தில் மஞ்சளாக வேண்டும். தொட்டித் தண்ணீரில் நீலம் வரவே இல்லை. முதல் சொட்டிலேயே மஞ்சள். கிணற்றுத் தண்ணீரை 10 மி.லி. எடுத்துப் பார்த்தபோது இரண்டாவது சொட்டில் மஞ்சள். இந்த அளவில் ஒரு சொட்டு என்பது அரை டிகிரி. அதாவது கிணற்றில் கேஹெச் ஒரு டிகிரி, லிட்டருக்கு 18 மி.கி. மட்டும். தொட்டியில் பூஜ்யம்.

கேஹெச் என்பது தண்ணீரில் கரைந்த பைகார்பனேட். அமிலம் சேரும்போது பிஎச் விழாமல் தாங்குவது அது. அமோனியாவை மாற்றும் பாக்டீரியா வேலை செய்யும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் மாறினால் 7.1 மி.கி. காரத்தன்மை தீரும். 2 பிபிஎம் அமோனியாவில் உள்ள நைட்ரஜன் 1.65 மி.கி.; அதற்கு லிட்டருக்குச் சுமார் 12 மி.கி. காரத்தன்மை செலவாகும். கையிருப்பு 18. முதல் அளவுக்குக் கொடுத்தபின் இரண்டாவது பாதியில் தீர்ந்துவிட்டது. பிஎச் 6-க்குக் கீழே போனதும் பாக்டீரியா செயலற்றுப்போகிறது. செம்மண்ணும் வெட்டுக்கல்லும் உள்ள மேட்டு நிலத்தில் சுண்ணாம்பு கிடையாது என்பதால் அங்கே ஊறும் தண்ணீர் மென்மையாகவும் அமிலச்சாய்வோடும் இருக்கும். மழைக்காலத்தில் கிணறு நிரம்ப நிரம்ப இன்னும் மென்மையாகும். குடிக்க அருமையான தண்ணீர், ஃபில்டருக்கு உதவாது.

இந்த நிலையில் ஆமையை விட்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். பிஎச் 6-இல் அமோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியமாகவே இருப்பதால் நஞ்சு குறைவு. ஆமையிடம் ஒரு மாற்றமும் தெரியாது. ஒரு நாள் யாராவது பிஎச்சைச் சரிசெய்வார்கள், அல்லது காரத்தன்மை அதிகமுள்ள வேறு தண்ணீரை மாற்றுவார்கள். பிஎச் ஒரு புள்ளி ஏறினால் நஞ்சான அமோனியாவின் பங்கு பத்து மடங்காகும். 6-இலிருந்து 8-க்குப் போனால் கிட்டத்தட்ட நூறு மடங்கு. சரிசெய்த மறுநாள் கண் வீங்கும், காரணமும் புரியாது. காலித் தொட்டியில் இந்த வேலையைச் செய்வதன் லாபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

சரிசெய்த விதம்

ஆப்பசோடா. துணி துவைக்கும் சோடாவும் பேக்கிங் பவுடரும் வேறு, அவை ஆகாது. 50 லிட்டருக்கு 6 கிராம் சேர்த்தால் கேஹெச் 4 டிகிரி ஏறும். 280 லிட்டருக்கு 33 கிராமை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, ஃபில்டர் வெளிவாய் பக்கம் மெதுவாக ஊற்றினார்கள். ஆமை உள்ளே இருந்தால் இதே அளவை நாலு நாளாகப் பிரித்து, அமோனியா பூஜ்யமாக இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும்.

மறுநாள் பிஎச் 7.4. நாலாம் நாள் அமோனியா பூஜ்யம், அடுத்த வாரம் நைட்ரைட்டும் பூஜ்யம். ஆப்பசோடா உடனடித் தீர்வுதான். தினமும் கரைந்துகொண்டே இருக்க வேறொன்று வேண்டும். அதற்குக் குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் சாப்பிட்டுப் போடும் சிப்பி ஓடு போதும். சதையும் நாரும் ஒட்டியிருக்கக் கூடாது. வேகவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, நாலு நாள் வெயிலில் காயவைத்து, சுத்தியலால் உடைத்த அரைக் கிலோ ஓடு வலைப்பையில் போட்டு கேனிஸ்டரின் மேல்தட்டில் வைக்கப்பட்டது. தண்ணீர் அமிலமாகும்போது மட்டும் அது கரையும், பிஎச் ஏறியதும் கரைவது ஏறக்குறைய நின்றுவிடும் என்பதால் அளவு மிஞ்சும் பயமில்லை. பவளக்கல்லைத் தேடிப் போக வேண்டாம், அது சட்டவிரோதம்.

தொட்டி தயார் என்று ஏற்றுக்கொள்ள ஒரே சோதனை: 2 பிபிஎம் அமோனியா போட்டு, 24 மணி நேரம் கழித்து அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், பிஎச் விழுந்திருக்கக் கூடாது. இந்தத் தொட்டி ஆறாவது வாரத்தில் இதில் தேறியது. பிறகு முக்கால்வாசித் தண்ணீரை மாற்றி, சேர்ந்திருந்த நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவந்தார்கள்.

மாவட்டத்தின் வேறு இடங்களில் தண்ணீரின் குணம் வேறு. நாகர்கோவில் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். 24 மணி நேரம் காற்றடிக்க வேண்டும், அல்லது சோடியம் தையோசல்பேட் சேர்க்க வேண்டும். கடலோரப் போர்வெல் உப்புக் கரித்தால் விட்டுவிடுங்கள். ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரில் உப்பெல்லாம் செறிந்திருக்கும், அதுவும் வேண்டாம். மழைத்தண்ணீரில் கேஹெச் அறவே கிடையாது, மேலே சொன்ன சிக்கல் இன்னும் வேகமாக வரும். புதுச் சிமென்ட் தொட்டியில் நேர்மாறு: சுண்ணாம்பு ஊறி பிஎச் 9-க்கு மேல் போகும், நிறைத்துக் கொட்டி நிறைத்துக் கொட்டி, மூன்று நாள் தேங்கிய தண்ணீரின் பிஎச் 8-க்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆமை வந்த நாள்

தண்ணீர் நிறைத்த வாளியில் கொண்டுவரக் கூடாது, வண்டி ஆட்டத்தில் தலைகீழாகி மூழ்கலாம். காற்றுத்துளை போட்ட டப்பாவில் ஈரத்துணி விரித்துக் கொண்டுவந்தார்கள். நேரே பெரிய தொட்டியில் விடாமல், 80 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் மேடையோடு ஒரு மாதம் தனியாக. கண் வீக்கம், வாய் திறந்து மூச்சு விடுதல், ஒரு பக்கம் சாய்ந்து மிதத்தல், அழுத்தினால் அமுங்கும் ஓடு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் மற்றவை. அந்த மாதம் முழுக்கக் காலித் தொட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 1 கிராம் அம்மோனியம் குளோரைடு கொடுக்கப்பட்டது. தீனியில்லாமல் விட்டால் வளர்த்த பாக்டீரியா குறைந்துபோகும். டப்பில் ஃபில்டர் இல்லாததால் இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுத் தண்ணீரும் மாற்றம்.

ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா சாதாரணமாக இருக்கும். 10 செ.மீ.க்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இலேயே தடைபோட்டது குழந்தைகளுக்கு இந்தக் கிருமி பரவியதால்தான். டப்பு, சைபன் குழாய், வாளி எல்லாம் தனி. சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, குழாயை வாயால் உறிஞ்சக் கூடாது, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் ஆமையே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

பெரிய தொட்டிக்கு மாறியபின் வாரம் ஒருமுறை 120 லிட்டர் மாற்றம். புதுத் தண்ணீருக்கு 50 லிட்டருக்கு 6 கிராம் கணக்கில் 14 கிராம் ஆப்பசோடா முதலிலேயே கரைக்கப்படுகிறது. மாற்றுவதற்கு முந்தின நாள் கேஹெச் பார்க்கிறார்கள். 3 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சிப்பி ஓட்டைப் பார்க்க வேண்டிய நேரம், வழுவழுப்பு படிந்திருந்தால் தேய்த்துக் கழுவினாலே மறுபடி கரையத் தொடங்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். மழைக்காலத்தில் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் அந்த வாரத் தண்ணீர் மாற்றத்தைத் தள்ளிவைத்து, தீனியைப் பாதியாக்கி, வாளித் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று காட்டும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து நிறம் வராத பிறகே அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கிறார்கள்.